இரண்டு பக்கமும்

பாளையங்கோட்டை வெயிலுக்கு
ரோட்டின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று கிடையாது.
ஆனாலும் கடந்து போக
இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது எனக்கு.

இந்தப் பக்கம் என் கடை.
ஜெபா ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங்.
அந்தப் பக்கம் கல்லூரி.
தொண்ணூற்றாறில்
இரண்டாம் வருஷ ஃபீஸ் முந்நூற்று நாற்பது.
அப்பா எண்ணிக் கொடுத்தது இருநூறு.
மீதியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை,
நான்கூட.

கடைக்கு வரும் நோட்டுகளின் கையெழுத்தெல்லாம் பழக்கம்.
முத்துமுத்தாக எழுதுகிறவள்
மார்ஜினில் யார் பெயரையோ எழுதி அடித்திருப்பாள்.
கோழி கிளறினதுபோல் எழுதுகிற பயல்
தண்டின் குறுக்குவெட்டை மட்டும்
கர்த்தரே உட்கார்ந்து வரைந்த மாதிரி வரைந்திருப்பான்.
ஒரு பக்கத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்தால்
பச்சை வெளிச்சம் இப்படிப் போய் அப்படி வரும்.
அதற்குள் அடுத்த பக்கத்தில் ஒரு வரி படித்துவிடுவேன்.
அப்படிப் படித்த தாவரவியலில்
எல்லா வாக்கியமும் பாதியில் நிற்கும்.

சேரப் போனபோது ஆபீசில் கேட்டார்கள்,
"பிள்ள வரலியாம்மா?"
"பிள்ள கோயம்புத்தூர்ல வேல பாக்கான்.
நாந்தான் சேரணும்."
பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற கட்டத்தில்
செல்வின் கையெழுத்துப் போட்டார்.
"நான் ஒனக்கு அப்பாவா, யாரு?" என்று
ஸ்கூட்டரில் சிரித்துக்கொண்டே வந்தவர்
வண்ணார்பேட்டை தாண்டினதும்
பேசவில்லை.

முதல் நாள்
நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்றது.
நானும் திரும்பிப் பார்த்தேன்,
யார் வருகிறார்கள் என்று.

கடைசிக்கு முந்தின பெஞ்சு.
பக்கத்தில் மேலப்பாளையம் ஷாஜிதா.
அக்காவா ஆன்ட்டியா என்று மூன்று நாள் குழம்பி
"ஜெபக்கனி" என்றே கூப்பிட்டாள்.
அம்மா போன பிறகு
முழுசாக அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை.
பேனாவை மூடிவிட்டுக்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பாடம் எடுக்கிற மதிவதனா மேடத்தின் ஆய்வேட்டை,
ஐந்து பிரதி, கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து,
நான்தான் பைண்டிங் செய்து கொடுத்தேன்.
"யக்கா, நாளைக்குள்ள முடியுமாக்கா" என்று
கடை வாசலில் அன்று அழாத குறை அவள்.
இப்போது போர்டு முன்னால் நிற்கிறாள்.
நிற்கிறார்.
முதல் சந்தேகம் கேட்கும்போது என் வாய்
"ஏ பிள்ள" என்று ஆரம்பித்து
"மேடம்" என்று முடிந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு மொபைல் அதிரும்.
"ஏட்டி, ரெண்டு பக்கமும் எடுக்க
எந்தப் பட்டன அமுக்கணும்?"
பெஞ்சுக்கு அடியில் குனிந்து
"மேல இருந்து மூணாவது" என்பேன்.
சன்னல் வழியே
ரோட்டைத் தாண்டி அவர் தலை தெரியும்.
நாலாவதை அமுக்குவார்.

எழுதிப் பழகாத விரல்.
ராத்திரி தேங்காய் எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொண்டேன்.
ஒரு நாள் ஷாஜிதா கேட்டாள்,
"ஒங்க நோட்டத் தாங்க, ஜெராக்ஸ் எடுக்கணும்.
எல்லாருக்கும் வேணுமாம்."

சாயங்காலம் நானேதான் கவிழ்த்து வைத்தேன்.
வெளிச்சம் இப்படிப் போய் அப்படி வந்தது.
என் கோணல் எழுத்து
சூடாக வெளியே விழுந்தது.
பதினேழு பிரதி. பக்கத்துக்கு ஒரு ரூபாய்.
செல்வின் ஒரு பைசா குறைக்கவில்லை.

தேர்வுத் தாள் தருகிற அன்று
மேடம் பதினெட்டுத் தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.
"இலைத்துளை. துளை.
இந்தப் பதினெட்டுப் பேரும்
இலைத்துணைன்னு எழுதியிருக்கீங்க.
இது யாருட்ட இருந்து வந்துச்சு?"

ஷாஜிதா டெஸ்க்கில் இல்லாத அழுக்கைச் சுரண்டினாள்.
முன் பெஞ்சு இசக்கிராஜா
மின்விசிறியை ஆராய்ந்தான்.
ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை.

எழுந்து நின்றேன்.
அந்த அமைதியில்
என் முட்டி சடக்கென்றது
வகுப்பு முழுக்கக் கேட்டது.